சென்னை வானொலியின் நிகழ்ச்சிகள் காலந்தோறும் ஏன் மாறின?

கேள்வி இதுதான்: கச்சேரியும் உரைச்சித்திரமும் 'வயலும் வாழ்வும்' போன்ற உழவர் நிகழ்ச்சியும் ஒலித்துக்கொண்டிருந்த சென்னை மத்திய அலை (மீடியம் வேவ்) வானொலி, எப்படித் திரைப்பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் இடம் கொடுத்தது? அதை யார் தீர்மானித்தார்கள்? நேயர்களின் ரசனை மாறிவிட்டது என்று பலர் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ் நேயரின் ரசனை 1950-லும் திரைப்பாட்டின் பக்கம்தான் இருந்தது. ஒலிபரப்புக்கான செலவை அந்தந்தக் காலத்தில் யார் ஏற்றார்கள் என்று பார்த்தால், அப்போது என்ன ஒலித்தது என்பதற்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

முதலில் செலவை ஏற்றவர்கள் ஆர்வலர்களே. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924-ஆம் ஆண்டு மே மாதம் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் உருவாகி, அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. அவர்களுடைய முதல் டிரான்ஸ்மிட்டரின் திறன் 40 வாட். இன்றைக்கு ஒரு பழைய குண்டு பல்புக்கு ஆகும் மின்சாரம். பின்னர் 200 வாட் கருவி வந்தது. சந்தாவை நம்பி நடந்த சங்கம் என்பதால், உறுப்பினர்களுக்குப் பிடித்த இசையும் பேச்சும்தான் அதன் நிகழ்ச்சிகள். பணம் போதாமல் 1927 அக்டோபரில் கிளப் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டு, கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது.

மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் அதை நடத்தியபோது, நிகழ்ச்சிகளின் குணமே மாறியது. வரிப்பணத்தில் நடப்பது ஊருக்குப் பயன்பட வேண்டுமல்லவா? மாலையில் இரண்டு மணி நேரம் இசை. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பாட்டு வகுப்பும் கதையும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிராமபோன் இசைத்தட்டு. ரேடியோ பெட்டி வாங்க வசதியில்லாதவர்களும் கேட்பதற்காக மெரினா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. கடற்கரைக்குக் காற்று வாங்க வந்தவர்கள் மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்ட அந்த எட்டு ஆண்டுகளைப் பற்றி நம்மவர்கள் மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறார்கள் என்பது என் வருத்தம். ஒரு மாநகராட்சி குழாய்த் தண்ணீரையும் தெருவிளக்கையும் போல ஒலிபரப்பையும் தன் கடமையாக எடுத்துக்கொண்டது சாதாரண விஷயமன்று.

1938 ஜூன் 16 அன்று எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டதும் மாநகராட்சி விலகிக்கொண்டது. ஆளுநர் எர்ஸ்கின் பிரபு திறந்துவைக்க, அப்போது மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி உரையாற்றினார். திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளையின் நாகஸ்வரமும் டி. கே. பட்டம்மாளின் பாட்டும் ஒலித்தன. அடுத்த ஆண்டு மே மாதம் திருச்சி நிலையமும் வந்தது. இந்தக் கட்டத்தில் செலவை ஏற்றது மத்திய அரசு. அதற்குத் துணையாக நின்றது நேயர் கட்டிய லைசென்ஸ் கட்டணம்.

லைசென்ஸ் என்றதும் இளையவர்கள் திகைக்கக்கூடும். எங்கள் வீட்டு மர்பி பெட்டிக்கும் ஒரு லைசென்ஸ் புத்தகம் இருந்தது. தபால் நிலையத்தில் ஆண்டுக்குப் பதினைந்து ரூபாய் கட்டினால், அதற்கென்றே அச்சிட்ட வில்லையை ஒட்டி, முத்திரை குத்திக் கொடுப்பார்கள். ரேஷன் கார்டு இருந்த அதே அலமாரித் தட்டில் அந்தப் புத்தகமும் இருக்கும். கெடு தாண்டினால் அபராதம். பெட்டியைத் திருகியதும் பாட்டு வந்துவிடாது. வால்வுகள் சூடேறி, முகப்புக் கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம் பரவி, அதன் பிறகுதான் மெல்ல ஓசை எழும்பும். நேயர் பணம் கட்டினாரே ஒழிய, எது ஒலிக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை அவருக்கு வரவில்லை.

அந்த உரிமை யாரிடம் இருந்தது என்பதை 1952 தெளிவாகக் காட்டியது. தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், மரபிசையை வளர்ப்பதே வானொலியின் பணி என்று உறுதியாக நம்பியவர். சனிக்கிழமை இரவின் தேசிய இசை நிகழ்ச்சி, கலைஞர்களைக் குரல் தேர்வு நடத்தித் தரம் பிரிக்கும் முறை ஆகியவை அவர் காலத்தில் வேரூன்றின. இன்றும் ஒரு பாடகரை 'ஏ டாப்' என்று குறிப்பிடுகிறோமே, அது அந்தத் தரவரிசையின் மிச்சம். கூடவே, திரைப்பாட்டின் நேரம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வதே விளம்பரமாகிவிடும் என்று கருதிப் பெயரைச் சொல்லாமல் பாட்டை மட்டும் ஒலிபரப்பினார்கள். சினந்த தயாரிப்பாளர்கள் தங்கள் பாடல்களை ஒலிபரப்பத் தந்திருந்த அனுமதியையே திரும்பப் பெற்றார்கள். கேஸ்கரைக் கேலி செய்வது எளிது. ஆனால், சபாவுக்குப் போக வழியில்லாத சிற்றூர்க்காரர்கள் பெரிய வித்வான்களை வீட்டிலிருந்தபடியே கேட்டதும், நிலைய வித்வான்களாகப் பல குடும்பங்கள் மாதச் சம்பளம் பெற்றதும் அதே கொள்கையால்தான். பிடித்ததைக் கேட்க விடவில்லை என்ற குற்றச்சாட்டும் உண்மைதான்; இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிடித்ததைக் கேட்க நேயர்கள் கடல் தாண்டிப் போனார்கள். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950-இல் தொடங்கியிருந்தது. அங்கே செலவை ஏற்றவர்கள் விளம்பரதாரர்கள். அவர்களில் இந்திய நிறுவனங்களும் உண்டு. சென்னை மறைத்த படத்தின் பெயரைக் கொழும்பு விளம்பரமாகவே சொல்லிக் காசு பார்த்தது. அங்கே அறிவிப்பாளர்களாக இருந்த எஸ். பி. மயில்வாகனனும், பின்னாளில் கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் தமிழ்நாட்டு வீடுகளில் உறவுக்காரர்கள்போல ஆனார்கள். சென்னை அறிவிப்பாளர் எழுதிவைத்ததை இலக்கண சுத்தமாகப் படித்தார். கொழும்பு அறிவிப்பாளர் நம்மோடு பேசினார். நேயரின் பார்வையில் போட்டியின் சாரம் அவ்வளவுதான்.

டெல்லி இதற்குப் பதிலடியாக 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கியது. பம்பாயிலும் சென்னையிலும் இருந்த சிற்றலை (ஷார்ட் வேவ்) டிரான்ஸ்மிட்டர்கள் வழியே முதலில் வந்த இந்தச் சேவையில் திரைப்பாட்டுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. 1967-இல் பம்பாயில் விளம்பரம் அனுமதிக்கப்பட்டு, 1969-இல் சென்னைக்கும் திருச்சிக்கும் வர்த்தக ஒலிபரப்பு வந்தபோது, நிகழ்ச்சிகளைத் தீர்மானிக்கும் கை மறுபடியும் மாறியது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே சோப்பும் பற்பொடியும் தலைவலி மாத்திரையும் பாடத் தொடங்கின. நேயர் விருப்பத்தில் ஒரு பாட்டுக்கு முன்னால் ஊர் வாரியாகப் பெயர்கள் வாசிக்கப்படும். தன் பெயர் வருமா என்று அஞ்சலட்டை எழுதியவர் காத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமையின் ஒலிச்சித்திரத்தில், முழுப் படத்தையும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி வசனமாகவே கேட்போம். படம் பார்க்காமலே வசனம் ஒப்பிக்கும் ஒரு தலைமுறையை உண்டாக்கியது அதுதான்.

இங்கே ஒரு திருத்தம் தேவை. சென்னை வானொலி முழுவதும் விளம்பரத்துக்குப் போய்விட்டது என்று தொடக்கத்தில் கேட்ட கேள்வி எண்ணவைக்கிறது; அப்படி நடக்கவில்லை. விளம்பரத்துக்கென்று தனி அலைவரிசை ஒதுக்கப்பட்டதால், 720 கிலோஹெர்ட்ஸில் வந்த முதல் அலைவரிசை தன் பழைய வேலையைத் தொடர முடிந்தது. காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி போன்றோர் வாசித்த செய்தி, குழந்தைகளுக்கு வானொலி அண்ணா கூத்தபிரான், மாலையில் உழவர் நிகழ்ச்சி என்று நாளுக்கே ஒரு கால அட்டவணை இருந்தது. பண்ணை ஒலிபரப்பின் வலிமைக்குத் திருச்சி நிலையமே சாட்சி: அது தொடர்ந்து எடுத்துச் சொன்ன ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தைத் தஞ்சை உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள்.

தென்கச்சி கோ. சுவாமிநாதனும் அந்தப் பண்ணை ஒலிபரப்பு வழியே வந்தவர்தான். வேளாண்மை படித்தவர், திருநெல்வேலி நிலையத்தில் பணியாற்றிவிட்டுச் சென்னைக்கு வந்தார். 1980-களின் பிற்பகுதியில் தொடங்கிய 'இன்று ஒரு தகவல்' சில நிமிட நிகழ்ச்சி மட்டுமே. ஒரு மருத்துவச் செய்தியோ வாழ்க்கைக் குறிப்போ சொல்லி, கடைசியில் ஒரு நகைச்சுவைக் கதையோடு முடிப்பார். தான் மட்டும் சிரிக்க மாட்டார். உழவரிடம் பேசிப் பழகிய அந்த நிதானமான குரலில் அறிவுரையின் மேட்டிமை துளியும் இருக்காது. கொழும்பு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்துகாட்டியதை, சென்னை தன் வழியில் கற்றுக்கொண்டது அப்போதுதான் என்று நான் கருதுகிறேன்.

பண்பலையும் சென்னைக்குப் புதிதன்று. நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று இங்கேதான் தொடங்கியது. கேட்கும் கருவி பெரும்பாலோரிடம் இல்லாததால் அதை நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. இதற்கிடையே 1980-களில் லைசென்ஸ் முறை ஒழிந்தது. நேயர் நேரடியாகக் கட்டிவந்த பணம் நின்றுபோய், அரசின் மானியமும் விளம்பரமும் மட்டுமே மிஞ்சின. 1997-இல் வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் தன்னாட்சி அமைப்பாகப் பிரசார் பாரதி அமைந்த பிறகும் அந்தச் சார்பு மாறவில்லை. 2003-இல் தனியார் பண்பலை நிலையங்கள் சென்னைக்கு வந்தபோது, விளம்பரப் பணம் அவர்கள் பக்கம் திரும்பியது. சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அவர்களுக்கு அனுமதி இல்லாததால், நாள் முழுவதும் பாட்டும் அரட்டையும்தான்.

மத்திய அலை பின்தங்கியதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. மத்திய அலையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான் என்பதால் குரல் தெளிவாக இருந்தாலும் இசையின் மேல் சுருதிகள் வெட்டுப்பட்டுவிடும். ஆட்டோவின் தீப்பொறியும் டியூப் லைட்டின் சோக்கும், இப்போது செல்போன் சார்ஜரும் அதில் இரைச்சலாக ஏறிக்கொள்ளும். ஒலிபரப்புவோருக்கும் சுமைதான். 720 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 417 மீட்டர். அதில் கால் பங்கு உயரத்துக்குக் கோபுரம் எழுப்பி, சுற்றிலும் நிலத்தடியில் செம்புக் கம்பிகளைப் பரப்ப வேண்டும். நகரத்தை ஒட்டி அவ்வளவு நிலமும், இரவு பகலாக அவ்வளவு மின்சாரமும் யார் தலையில் விழும் என்ற கேள்வி மறுபடியும் வந்துவிடுகிறது. அதே மத்திய அலையில் டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் முறையில் ஒலிபரப்ப, சென்னை உட்பட 35-க்கும் மேற்பட்ட டிரான்ஸ்மிட்டர்களை அகில இந்திய வானொலி நிறுவியது. அதன் ஒலி தெளிவானது. ஆனால் கேட்பதற்குத் தனிக் கருவி வேண்டும். சில புதிய கார்களில் அது பொருத்தப்பட்டே வருகிறது. வீட்டுக்கு வாங்குவதென்றால் சாதாரண பண்பலைப் பெட்டியைப் போலப் பல மடங்கு விலையாகிறது. அந்தச் செலவை மட்டும் இம்முறை முழுக்க முழுக்க நேயரிடமே விட்டிருக்கிறார்கள்.