கூடங்குளம் பக்கத்து ஊர்களில் புற்றுநோய் கூடியிருக்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

எனக்குத் திருநெல்வேலி மாவட்டம், ராதாபுரம் பக்கம். எங்கள் ஊர் டீக்கடையில் வாரம் ஒருதரமாவது இந்தப் பேச்சு வரும். "முன்னெல்லாம் இப்படி உண்டுமாடே?" என்று ஒருவர் தொடங்குவார், தெருவில் யார் யாருக்கு வந்தது என்று விரல்விட்டு எண்ணுவார்கள்.

நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 100 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வருகிறது. 10,000 பேர் உள்ள ஊரில் 10 பேர். ஒரு வருஷம் 6, மறு வருஷம் 14 என்று சும்மாவே ஏறி இறங்கும். பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் இன்னும் அரிது. ஜெர்மனியில் 16 அணுமின் நிலையங்களைச் சேர்த்து 1980 முதல் 2003 வரை பார்த்தார்கள். 5 கிலோமீட்டருக்குள் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 37 பேருக்கு வந்திருந்தது, எதிர்பார்த்தது 17. ஆனால் உலைகளிலிருந்து வெளியான கதிர்வீச்சு அத்தனை பேருக்கு நோய் வரப் போதாது என்று ஆய்வு செய்தவர்களே எழுதினார்கள்.

கூடங்குளத்தில் உலை ஓடும் முன்பிருந்தே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வகம் இருக்கிறது. பால், மீன், தண்ணீர், மண் எடுத்துச் சோதிக்கிறார்கள். பால் எதற்கு? கதிர்வீச்சுள்ள அயோடின்-131 உலையிலிருந்து கசிந்தால் புல்லில் படியும், மாடு மேயும், பாலோடு பிள்ளையின் தைராய்டில் போய் உட்காரும். ஆளைப் பார்ப்பது வேறு வேலை. அதற்குப் புற்றுநோய்ப் பதிவேடு வேண்டும்: என்ன வயது, எந்த உறுப்பு, முக்கியமாக எந்த ஊர்.

என் அத்தைக்குத் தைராய்டில் வந்தது. உலையால் என்று சொல்ல வரவில்லை. பெரிய வியாதி என்றால் நாங்கள் திருவனந்தபுரத்துக்குத்தான் வண்டி ஏறுவோம். சீட்டுப் போடும்போது மாமா, தபால் வர வசதி என்று நாகர்கோவிலில் இருக்கும் மகன் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டார். அத்தை நாற்பது வருஷம் குடித்தது எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர். ஏட்டில் கன்னியாகுமரி மாவட்டத்து ஆள். "கல்யாணத்துக்குப் பிள்ளை நிக்கு, வெளிய சொல்லாத" என்று மூடி வைக்கிற வீடுகள் வேறு.

கேரளத்தில் கருநாகப்பள்ளி மணலிலேயே கதிர்வீச்சுள்ள தோரியம் உண்டு. அங்கே 1990-இல் பதிவேடு தொடங்கி, வீடு வீடாக ஏறி விசாரித்து, சுமார் 70,000 பேரைப் பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்த பிறகுதான், கதிர்வீச்சால் புற்றுநோய் கூடவில்லை என்று 2009-இல் எழுதினார்கள். அப்படி ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு யார் பேசினாலும் கேட்பேன், அதிகாரியானாலும் போராட்டக்காரரானாலும்.

போன மாதம் அத்தையோடு மறுபரிசோதனைக்கு நானும் போனேன். முகவரியை மாற்ற ரேஷன் கார்டு நகல் கேட்டார்கள். எடுத்துப் போகவில்லை. அடுத்த தடவை கொண்டு போகணும்.