கான்டாபிலே வரலைன்னா புது பியானோ வாங்கணுமா?

கேள்வி: என் பொண்ணு பீத்தோவனோட பதெடிக் சொனாட்டாங்கிற பியானோ இசைல ரெண்டாவது மூவ்மென்ட் (பகுதி) வாசிக்கிறா. மேல ‘அடாஜியோ கான்டாபிலே’ன்னு, அதாவது மெதுவா, பாடுற மாதிரின்னு, போட்டிருக்கு. நோட்ஸ் எல்லாம் சரி, ஆனா பாடுற மாதிரி இல்லைன்னு டீச்சர் சொல்றாங்க. வீட்ல இருக்கிற டிஜிட்டல் பியானோ பத்தாதாம், தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்காம். வாங்கிடலாமா?

பதில்: அவசரப்படாதீங்க. லேசா அமுக்கினா சத்தம் கம்மியாவும் வேகமா அமுக்கினா ஜாஸ்தியாவும் வருதுன்னா இந்தப் பீஸுக்கு அதுவே போதும். டீச்சரே கடையும் சொன்னா நடுவுல கமிஷன் இருக்கான்னு நேராவே கேளுங்க, இந்தத் தொழில்ல அது சர்வசாதாரணம்.

பியானோவுல சுத்தியல் கம்பியத் தட்டிட்டு உடனே விலகிடும், அப்புறம் சத்தம் தேஞ்சுக்கிட்டேதான் போகும், பாடுறவங்க மாதிரி ஒரு சுரத்தை நடுவுல பெருசாக்கவே முடியாது. அதனால கீயை அமுக்கின பிறகு மணிக்கட்டை ஆட்டுறதால அந்த சுரத்துக்கு ஒண்ணும் ஆகாது. இதையே ‘டச் ரகசியம்’னு தனி கிளாஸ் வச்சு காசு பார்க்கிறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு போய் மாட்டிக்காதீங்க.

விஷயம் எங்க இருக்குன்னா, முதல் 8 பார்ல (பார்னா தாளக் கட்டம்) மெலடி வலது கையோட மேல் விரல்கள்ல வருது, அதே கையோட கட்டைவிரலும் பக்கத்து விரலும் உள்ள ஓடுற சின்ன நோட்ஸை வாசிக்கணும். கட்டைவிரல் தானாவே கனமா விழும், மெலடி அமுங்கிடும். மெலடியை மட்டும் சத்தமா வாசிச்சு, உள் நோட்ஸுக்கு கீயை அமுக்காம சும்மா தொட்டுப் பழகச் சொல்லுங்க. ரெண்டாவது பார்ல நீளமா ஒரு ஈ ஃபிளாட் வரும், அது தேஞ்சு நிக்கிற அளவுலேருந்து அடுத்த நோட்டை எடுக்கணும், புதுசா குத்தக் கூடாது. ஹார்மனி, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டம், மாறும்போதெல்லாம் கால் பெடலை விட்டு மறுபடி அமுக்கணும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. எப்படி அடிச்சாலும் ஒரே சத்தம்தான் வருதுன்னா முதல்ல செட்டிங்ஸ்ல டச் (அமுக்குற விதத்துக்கு ஏத்த மாதிரி சத்தத்தை மாத்துற வசதி) ஆஃப்ல இருக்கான்னு பாருங்க, பல வீட்ல அதுதான் கோளாறு. நிஜமாவே அந்த வசதி இல்லாத கீபோர்டுன்னா மாத்தித்தான் ஆகணும். பியானோவுக்கு முந்தின ஹார்ப்சிகார்டுலயும் ஆர்கன்லயும் கூட எப்படி அமுக்கினாலும் ஒரே சத்தம்தானேன்னு கேப்பீங்க. உண்மைதான், 1723லயே இசையமைப்பாளர் பாக், இன்வென்ஷன்ஸ்ங்கிற தன்னோட பயிற்சிப் பீஸ்களோட முன்னுரையில, கத்துக்கிறவங்களுக்கு கான்டாபிலே வாசிப்பு வரணும்னு எழுதியிருக்கார், ஹார்ப்சிகார்டுல அதை சத்தத்தால இல்லாம நோட்டோட நீளத்தாலயும் நோட்ஸை சேர்த்தும் பிரிச்சும் வாசிக்கிற விதத்தாலயும் கொண்டு வரணும். ஆனா பீத்தோவனோட இந்தப் பீஸ்ல ஒரே கைக்குள்ள ரெண்டு அளவு சத்தம் வேணும், நீளத்தை வச்சு மட்டும் தப்பிக்க முடியாது.

இதெல்லாம் கிளாஸ்லயே சொல்லிக்குடுத்திருக்கணும். பரீட்சைக்கு மூணு பீஸை வருஷம் பூரா அரைக்க வச்சா காது எப்படிங்க வளரும்!

அடுத்த தடவை டீச்சரையே உங்க வீட்டுப் பியானோவுல அந்த 8 பாரை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. அவங்க வாசிக்கும்போது மெலடி தனியா மேல வந்துதுன்னா கடைக்குப் போற வேலை இல்லை.