‘எழுதிய’ என்ற சொல்லை நீக்குங்கள்

கேள்வி: சென்ற இதழின் நோன்புக் கட்டுரையில் ‘குர்ஆன்’, ‘திருமறை’, ‘வேதம்’ என மூன்று பெயர்கள் மாறி மாறி வந்தன. எங்கள் பக்கத்தில் வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர்கள். ‘முகம்மது நபி எழுதிய குரான்’ என்று ஒரே விதமாக எழுதினால் என்ன?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: முதலில் ‘எழுதிய’ என்ற சொல்லை நீக்குங்கள். குர்ஆன் இறைவனின் சொல் என்பதும், வானவர் ஜிப்ரீல் வழியாக ஏறக்குறைய 23 ஆண்டுகளில் சிறிது சிறிதாக நபிகளுக்கு அருளப்பட்டது என்பதும் முஸ்லிம்களின் நம்பிக்கை. நபிகள் அதை ஓதிக் காட்டினார்கள்; தோழர்கள் மனனம் செய்தார்கள், எழுதியும் வைத்தார்கள். அந்த நம்பிக்கையை ஏற்காதவரும் அதைப் பிழையின்றி எடுத்துச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

‘குர்ஆன்’ என்பதற்கே ‘ஓதப்படுவது’ என்றுதான் பொருள். தேவாரம் பாடுபவரை ஓதுவார் என்றழைக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அரபியில் ‘ர்’ என்ற ஒற்றுக்குப் பின் குரல் ஒரு கணம் நின்று ‘ஆ’ தொடங்குகிறது. அந்த நிறுத்தத்தைக் காப்பதற்காகவே தமிழ் முஸ்லிம்கள் இரண்டையும் சேர்த்து ‘ரா’ ஆக்காமல் பிரித்து எழுதுகிறார்கள். கையிலெடுக்கும் பிரதிக்கு முஸ்ஹஃப் என்றும், தமிழில் பொருள் தரும் நூலுக்குத் தர்ஜுமா என்றும் வேறு பெயர்கள் உண்டு. தொழுகையில் ஓதப்படுவது அரபி மூலமே.

முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் ஒரு காலத்தில் இவை அயல்வீட்டுச் சொற்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் அங்கிருந்த முஸ்லிம்களை வெளியேற்றிய பின், அந்த ஓசையைக் கேட்காமலே ஒரு தலைமுறை இங்கே வளர்ந்துவிட்டது. அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அச்சில் வரும் சொல்லுக்கு நாங்கள் பொறுப்பு.

வேதம் என்ற சொல் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. சைவர் நான்மறை என்கிறோம், கிறிஸ்தவர் வேதாகமம் என்கின்றனர், தமிழ் முஸ்லிம்கள் தங்கள் நூலைத் திருமறை என்றும் இறைவேதம் என்றும் நெடுங்காலமாக எழுதி வருகின்றனர். குர்ஆனும் தன்னை ஒரே பெயரால் அழைக்கவில்லை. நன்மை தீமையைப் பிரித்தறிவிக்கும் ஃபுர்கான், நினைவூட்டலான திக்ர், நூலைக் குறிக்கும் கிதாப் ஆகியன அதற்குள்ளேயே வரும் பெயர்கள். ஆயினும் எந்த வேதம் என்று வாசகர் தடுமாறும்படி எழுதியது எங்கள் தவறுதான். இனி ஒவ்வொரு கட்டுரையிலும் முதலில் ‘திருக்குர்ஆன்’ என்று குறிப்பிட்ட பின்னரே மற்றப் பெயர்கள் வரும்.