ஏ.வி. டிசைன் வகுப்புக்குக் கடன் வாங்கலாமா?

அன்புள்ள ஐயா,

பாலக்கோட்டில் ரேடியோ செட் தொழிலை நடத்திக்கொண்டே மகளை டிப்ளமோ இ.சி.இ. கடைசி வருஷம் வரை கொண்டுவந்திருக்கிறீர்கள். பெங்களூரில் ஒரு பயிற்சி நிலையம் 'ஏ.வி. டிசைன் சாஃப்ட்வேர்' (ஏ.வி. என்றால் ஆடியோ-விஷுவல், அதாவது ஒலி-ஒளி) வகுப்புக்குப் பெரிய தொகை கேட்கிறது, கடன் வாங்கிக் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். "கம்ப்யூட்டரே எல்லாம் வரைஞ்சிடுதாமே, அப்புறம் ஆள் எதுக்கு?" என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கம்பெனிகளின் மீட்டிங் ஹால், கல்லூரி அரங்கம், ஓட்டல் ஆகியவற்றில் திரை, கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துத் திட்டமிடுவதுதான் இந்த வேலை. முன்பெல்லாம் ஆட்டோகேடில் ஒவ்வொரு கோடாக இழுத்து வரைவார்கள். இப்போது டி-டூல்ஸ், எக்ஸ்டென்-ஏவி, ஸ்டார்டிரா போன்ற மென்பொருள்களில் கருவிகள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கின்றன. எடுத்து வைத்து இணைத்தால் லைன் டயகிராம் (எது எதோடு இணைகிறது என்ற படம்), ரேக் படம் (கருவிகளை அடுக்கும் அலமாரியின் படம்), கேபிள் பட்டியல், விலைப்பட்டியல் வரை வந்துவிடும். ஆகவே வெறுமனே படம் வரைந்து கொடுக்கும் வேலை குறைந்துகொண்டுதான் போகும். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் மென்பொருளை மட்டும் கற்றுக்கொடுக்கும் வகுப்புக்குக் கடன் வாங்க வேண்டாம் என்கிறேன்.

மிஞ்சப்போகும் வேலை எது? உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கல்யாண மண்டபத்தையே எடுத்துக்கொள்வோம். 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம், டைல்ஸ் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை. மேடையில் வாழ்த்திப் பேசுவது கடைசி வரிசைக்குக் கேட்கும், ஆனால் புரியாது. ஆம்ப்ளிஃபயரைக் கூட்டினால் சத்தம் கூடுமே தவிர பேச்சு தெளியாது. காரணம், ஒலி அங்கே உறிஞ்சப்படாமல் சுற்றிக்கொண்டே இருப்பது. இதை எப்படிக் கணக்கிடுவது என்று 1890களிலேயே ஹார்வர்டில் வாலஸ் சபைன் கண்டுபிடித்துவிட்டார். மண்டபத்தின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, பரப்புகள் உறிஞ்சும் மொத்த அளவால் வகுத்தால், ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகும் என்பது வரும். பரப்புகள் 5 சதவீதம்தான் உறிஞ்சும் என்று வைத்தால், காலியான மண்டபத்தில் ஒலி அடங்க 5 விநாடிக்கு மேல் ஆகிறது. கூரை முழுக்க 60 சதவீதம் உறிஞ்சும் பலகை பதித்தால் அதே மண்டபத்தில் 1.3 விநாடி. ஆட்கள் உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். ஈஸ் என்ற மென்பொருள் இந்தக் கணக்கை இன்னும் நுட்பமாகப் போட்டுக் காட்டும். ஆனால் எந்தப் பரப்பு எவ்வளவு உறிஞ்சும் என்று தப்பாகக் கொடுத்தால், தப்பான விடையை அழகான வண்ணப் படமாகத் தரும். அந்தத் தப்பைப் பார்த்ததும் பிடிக்கிற ஆளுக்குத்தான் சம்பளம்.

அந்தப் பார்வை உங்கள் மகளுக்குப் பாதி வந்திருக்கும். திருவிழாவுக்குத் தெரு நெடுக ஹார்ன் கட்டி, டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 100 வோல்ட் லைனில் இழுப்பீர்களே, பெரிய கட்டடங்களில் கூரை ஸ்பீக்கர்களுக்கும் அதே முறைதான். ஸ்பீக்கர் டிரான்ஸ்ஃபார்மரின் 6 வாட் இணைப்பில் (டேப்) 20 ஸ்பீக்கர் என்றால் 120 வாட். அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு ஆம்ப்ளிஃபயர் எடுக்க வேண்டும். மைக் ஏன் வீல் என்று கத்துகிறது, அதை எந்தப் பக்கம் திருப்பினால் அடங்கும் என்பதும் கூத்து மேடைக்குப் பின்னால் நின்று வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதைச் சின்ன விஷயமாக நினைத்துவிடாதீர்கள். நேர்முகத் தேர்வில் அவள் தயங்காமல் சொல்ல வேண்டியதே இதுதான்.

அவளுக்குப் புதிதாக இருக்கப்போவது நெட்வொர்க். இப்போது ஒலி நெட்வொர்க் கேபிள் வழியாகவும், ஸ்விட்ச் வழியாகவும் போகிறது. ஐ.பி. முகவரி, வி-லேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதியாகப் பிரிப்பது), மல்டிகாஸ்ட் (ஒரே ஒலியைப் பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவது) ஆகியவை அத்துப்படியாக வேண்டும். டிப்ளமோவில் படித்த பாடத்தைத் தூசி தட்டச் சொல்லுங்கள்.

சரி, செலவில்லாமல் எங்கே தொடங்குவது? நெட்வொர்க் வழியே ஒலியை அனுப்பும் டான்டே தொழில்நுட்பத்தை உருவாக்கிய ஆஸ்திரேலிய நிறுவனமான ஆடினேட், அதற்கான சான்றிதழ் பயிற்சியை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஒலி, காட்சிக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் கியூ-சிஸ் அமைப்புக்கான டிசைனர் மென்பொருளும் இலவசம், அதற்கான அடிப்படைப் பயிற்சியும் இலவசம். ஆட்டோகேடை மாணவர்கள் கல்விக்கான உரிமத்தில் காசில்லாமல் பயன்படுத்தலாம். படிப்பு முடிவதற்குள் கல்லூரி அடையாளத்தைக் கொடுத்துப் பதிந்துகொள்ளட்டும். அவிக்ஸா என்ற உலக அமைப்பு நடத்தும் சி.டி.எஸ். என்ற ஏ.வி. சான்றிதழ் தேர்வுக்கு இந்தத் துறையில் நல்ல மதிப்பு. கட்டணம் உண்டு என்பதால், வேலையில் சேர்ந்து கொஞ்சம் பழகிய பிறகு எழுதினால் போதும். டிசைனுக்கென்றே இருக்கும் சி.டி.எஸ்.-டி அதற்கும் அடுத்த படி.

இவற்றோடு, உங்கள் ஊர் மண்டபம் ஒன்றை டேப் பிடித்து அளந்து, திரை எங்கே, ஸ்பீக்கர் எங்கே, கேபிள் எத்தனை மீட்டர் என்று முழு டிசைனாக அவளே போடட்டும். வேலை தேடும்போது அந்தக் கோப்புக்கு, பணம் கட்டி வாங்கும் வகுப்புச் சான்றிதழைவிட மதிப்பு அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

பெண் பிள்ளை, இரவில் சைட்டுக்குப் போக வேண்டிவருமோ என்றும் கவலைப்பட்டிருந்தீர்கள். டிசைன் பிரிவு பெரும்பாலும் அலுவலக வேலை. அளவெடுக்கவும் கடைசிச் சோதனைக்கும் சைட்டுக்குப் போக வேண்டிவரும். இன்ஸ்டலேஷன் பிரிவு என்றால் இரவு வேலையும் உண்டு. எந்தப் பிரிவு என்பதைச் சேரும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஓசூரில் தங்கினால் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் தினமும் போய்வரலாம். அங்கே வேலை கிடைக்கும் வரை தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ மீட்டிங் ஹால் வேலை எடுக்கிறவர்களிடம் உதவியாளராகச் சேர்ந்தாலும் தப்பில்லை.

அந்தப் பயிற்சி நிலையத்துக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றால், போன வருஷம் படித்து வேலைக்குப் போனவர்களில் இரண்டு பேரிடம் மகளைப் பேசவைக்கும்படி கேளுங்கள். பேசவைக்கத் தயங்கினால் விட்டுவிடுங்கள். கட்டிவிட்டீர்கள் என்றால் ரசீதையும் விண்ணப்பப் படிவத்தையும் எனக்கு அனுப்புங்கள், பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.