கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் (பி.சி.) மலைச்செம்மறி வேட்டை: லைசென்ஸ் எளிது, கொம்புதான் கஷ்டம்

"மே மாதம் பி.ஆரில் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வான்கூவர் பக்கம் சர்ரேக்கு வந்தேன். இந்த ஆகஸ்டிலேயே வடக்கே போய் ஒரு ஸ்டோன் கிடா (வடக்கு மலைச்செம்மறி இனம்) அடிக்க முடியுமா? அதற்குக் குலுக்கலில் பெயர் விழவேண்டுமாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆகஸ்டில் முடியாது, தம்பி. குலுக்கல் பற்றிக் கேள்விப்பட்டது பாதிதான் சரி.

பி.ஆர். கார்டு இருப்பதாலேயே வேட்டைச் சட்டப்படி நீங்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவின் குடியிருப்பாளர் ஆகிவிடுவதில்லை. விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 6 காலண்டர் மாதங்களாவது, ஒவ்வொன்றிலும் பாதிக்கு மேற்பட்ட நாட்கள், மாகாணத்துக்குள் இருந்திருக்க வேண்டும். நடுவில் கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போய் ஒரே மாதத்துக்குள் மூன்று வாரம் தங்கினால் அந்த மாதம் போச்சு. ஒர்க் பர்மிட்டில் இருப்பவர்களுக்கு முந்தைய 12 மாதமும் இந்தக் கணக்கு நிரம்பவேண்டும். மே முற்பாதியிலேயே வந்திருந்தால் உங்களுக்கு ஆறாவது மாதம் அக்டோபரோடு முடிகிறது. வடக்கில் பெரும்பாலான இடங்களில் சீசன் ஆகஸ்ட் 1 முதல் அக்டோபர் 15 வரை. குடியிருப்பாளர் அல்லாதவர் பொதுவாக கைடு அவுட்ஃபிட்டர் என்ற உரிமம் பெற்ற வேட்டை வழிகாட்டியோடுதான் போகவேண்டும். ஸ்டோன் கிடாவுக்கு 50,000 அமெரிக்க டாலருக்கு மேல் ஆகும். ஒரு வருடம் பொறுத்தால் அதே மலைக்கு லைசென்ஸ் செலவு நூறு கனடா டாலருக்குள் முடியும்.

காத்திருக்கும் காலத்தில் இரண்டு வேலை. ஒன்று வேட்டைக்காரர்களுக்கான கோர் (CORE) வகுப்பு: சட்டம், விலங்கு அடையாளம், துப்பாக்கி கையாளுதல், தேர்வு. இன்னொன்று துப்பாக்கி லைசென்ஸான பி.ஏ.எல். (PAL). அதற்குப் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். முதல்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. நடைமுறையில் அதைவிட இழுக்கும். கணவன் அல்லது மனைவிக்குத் தகவல் போகும், ஆகவே வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு வகுப்பையும் சேர்த்து நடத்தும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், வசதி. அடுத்து ஃபிஷ் அண்ட் வைல்ட்லைஃப் ஐடி என்ற எண்ணை எடுத்து, அதன் பேரில் 32 டாலர் வேட்டை லைசென்ஸ், கூடவே 60 டாலர் மலைச்செம்மறி லைசென்ஸ். உயரத்தில் வெள்ளையாக, குட்டைக் கறுப்புக் கொம்போடு நிற்கும் மலை ஆடு வேறு இனம், அதற்கு வேறு லைசென்ஸ்.

இனி குலுக்கல். வடக்கே ஸ்டோன், டால் என்ற இரண்டு செம்மறி இனங்களுக்கும் பல அலகுகளில் (வேட்டைக்காக மாகாணத்தைப் பிரித்திருக்கும் பகுதிகள்) பொது சீசன்தான். லைசென்ஸ் இருந்தால் போகலாம். தெற்கே பிக்ஹார்ன் இனத்துக்குப் பல இடங்களிலும், வடக்கில் சில பகுதிகளிலும்தான் எல்.ஈ.எச். என்ற, ஆள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் குலுக்கல். விண்ணப்பம் வசந்தகாலத்தில், சில டாலர்தான். போட்டுவையுங்கள், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஃபோர்ட் நெல்சனைத் தாண்டி அலாஸ்கா நெடுஞ்சாலையை ஒட்டிய மலைகள்தான் முதல்முறை போகிறவருக்கு எட்டக்கூடியவை. வான்கூவரிலிருந்து ஃபோர்ட் நெல்சனே சுமார் 1,600 கிலோமீட்டர். எல்லை, தேதி, வாகனத் தடை எல்லாம் அலகுக்கு அலகு மாறும். மாகாண வேட்டை விதிப் புத்தகத்தில் உங்கள் அலகின் பக்கத்தை வரி விடாமல் படியுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் காகித வேலை. புதியவர்கள் மாட்டிக்கொள்வது கொம்பில். வடக்கே பொது சீசனில் சுடக்கூடியது 'ஃபுல் கர்ல்' (கொம்பு முழுச் சுற்று வளைந்த) கிடா மட்டும். தலையை நேர் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது கொம்பு நுனி நெற்றி-மூக்குக் கோட்டைத் தாண்டி மேலே எழவேண்டும்; அல்லது, ஸ்டோன், டால் இனங்களில், கொம்பில் வருடத்துக்கு ஒன்றாக விழும் வளையங்களின்படி 8 வயது நிரம்பியிருக்க வேண்டும். கிடா கொஞ்சம் திரும்பி நின்றாலும், நீங்கள் கீழிருந்து பார்த்தாலும், குட்டைக் கொம்பு நுனி கோட்டைத் தாண்டியதுபோல் தெரியும். மறுபுறம், கிழட்டுக் கிடாக்கள் நுனி தேய்ந்து உடைந்து, சட்டப்படி சரியாக இருந்தும் குட்டையாகத் தெரியும். வளையம் எண்ணுவதிலும் குழி இருக்கிறது: உண்மையான வளையம் கொம்பைச் சுற்றி ஆழமாக ஓடும், பொய் வளையம் மேலோட்டமாக நின்றுவிடும்; தேய்ந்த நுனியோடு முதல் வளையமே போயிருக்கும். பைனாகுலர் போதாது, ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற பெரிய தொலைநோக்கியும் ட்ரைபாடும் கட்டாயம். கிடா தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டும்வரை மணிக்கணக்கில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சுடாதீர்கள். தப்பாகச் சுட்டால் 'தெரியாமல் நடந்தது' என்று சொல்லித் தப்ப முடியாது, தலை பறிமுதல். குளிர்காலத்தில் மலைச்செம்மறிப் பாதுகாப்பு அமைப்பான வைல்ட் ஷீப் சொசைட்டி ஆஃப் பி.சி. ஆட்களோடு பழகி, உண்மைக் கொம்புகளைக் கையில் வாங்கி எண்ணிப் பழகுங்கள். வரையாட்டைத் தொட்டாலே சிறை என்றிருக்கும் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவருக்கு இந்தக் கண்பழக்கம் இருக்க வாய்ப்பே இல்லை. முதல் சீசனை மான் வேட்டையில் கழிப்பதும் நல்லது.

கிடா விழுந்தவுடன், மறுபடி பயன்படாதபடி மலைச்செம்மறி லைசென்ஸை ரத்து செய்துவிட்டுத்தான் கத்தியை எடுக்கவேண்டும். உண்ணத்தக்க இறைச்சியை மலையில் விட்டுவருவது குற்றம்; விற்பதும் குற்றம். இறைச்சி, தலை, தோல், முகாம் மூட்டை எல்லாம் சேர்ந்தால் 50 கிலோவைத் தாண்டும், தனியாகப் போகாதீர்கள். 30 நாளுக்குள் கொம்போடு மண்டையோட்டைக் கட்டாயப் பரிசோதனைக்குக் கொடுக்கவேண்டும். அங்கே வயது பார்த்து, கொம்பில் எண் பொறித்த ப்ளக் (சிறு முளை) பொருத்துவார்கள். மூக்கெலும்பு வைத்துத்தான் அளப்பார்கள் என்பதால் அதையும் கண்குழிகளையும் வெட்டிவிடாதீர்கள். பரிசோதகர் எந்தெந்த நாள் இருப்பார் என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள்.