1672-ஆ, 1673-ஆ? ஜான் ஹவ்லண்ட் ஒருவர்தான்

வணக்கம். 1620இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு மேஃபிளவர் கப்பலில் போன ஜான் ஹவ்லண்ட் இறந்த ஆண்டு ஒரு பதிவில் 1672 என்றும் இன்னொன்றில் 1673 என்றும் இருக்கிறதே, இரண்டு பேரா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே ஆள்தான், கவலை வேண்டாம்.

அவர் இறந்தது பிப்ரவரி 23. அப்போதெல்லாம் ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25இல். 1752இல்தான் அதை ஜனவரி 1க்கு மாற்றினார்கள். ஆக, அவர்கள் குடியேறிய பிளிமத் ஊரின் பதிவு எழுத்தருக்கு அது 1672, நம் கணக்கில் 1673. ஜனவரி தொடங்கி மார்ச் 24 வரை வரும் தேதிகளையெல்லாம் 1672/73 என்பதுபோல இரண்டு ஆண்டும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் குழப்பம் வராது.

உங்கள் வம்சாவளிப் பட்டியலில் எனக்கு உறுத்துவது வேறொன்று. ஹவ்லண்டின் மனைவி எலிசபெத்தை, பிளிமத்தின் முதல் ஆளுநர் கார்வரின் பேத்தி என்று போட்டிருக்கிறீர்கள். அது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்த கதை. கார்வருக்குப் பின் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்ட் எழுதிய பிளிமத் வரலாற்றின் கையெழுத்துப் பிரதி லண்டன் ஃபுல்ஹாம் அரண்மனையில் கிடைத்து 1856இல் அச்சேறியதும் அது பொய்த்துப்போனது. எலிசபெத் அதே கப்பலில் வந்த ஜான் டில்லியின் மகள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. இணையத்தில் இருக்கும் வம்சாவளிகள் பல ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. தயவுசெய்து அவற்றைச் சான்றாக எடுக்காதீர்கள்.

அடுத்து எலிசபெத்தின் 1686 உயிலைப் படியுங்கள். மகள்களைக் கணவர் வீட்டுப் பெயரோடு குறிப்பிடுகிறார்: லிடியா பிரவுன், ஹன்னா பாஸ்வொர்த் என்று. பெண் வழியைத் தொடர இதைவிட நல்ல பிடி கிடைக்காது. அப்புறம், நீங்கள் தேடுவது எந்தப் பிள்ளையின் வழி என்று எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.