பாஸ்வேர்டு மேனேஜர் என்றால் என்ன, அது எதற்கு?

பெங்களூருவில் குடியிருப்பவருக்கு பெஸ்காம் கரண்ட் பில், ஊருக்குப் போக ஐஆர்சிடிசி, வங்கி, மெயில் என்று கணக்குகள் ஏராளம். அத்தனை பாஸ்வேர்டுகளையும் பூட்டி வைத்து, கேட்கும் இடத்தில் தானே நிரப்பும் செயலிதான் பாஸ்வேர்டு மேனேஜர். பிட்வார்டன், கீபாஸ் இரண்டையும் இலவசமாகவே பயன்படுத்தலாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு போதாதா? போதாது. ஏதோ ஒரு சின்ன ஷாப்பிங் தளத்திலிருந்து அது கசிந்தால், திருடர்கள் அதையே மற்ற தளங்களிலும் நிரல் வைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். வீடு, கடை, வண்டி மூன்றுக்கும் ஒரே சாவி வைத்திருப்பது மாதிரி. கடைசியில் 1, 2 என்று சேர்ப்பதும் உதவாது. அதையும் அந்த நிரல் முயலும்.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது அந்தச் செயலியைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு மட்டும். முருங்கை, ஷட்டர், பம்பரம், திண்ணை, கொலுசு என்பதுபோல் தொடர்பில்லாத ஐந்து சொற்களை நீங்களே குலுக்கி எடுத்துக் கோத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் எழுதி பீரோவில் வைப்பது நல்லது. முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்ற பல கணக்குகளின் ரீசெட் லிங்க் அங்கேதான் வரும். வழக்கமாக நிரப்பும் செயலி ஒரு வங்கிப் பக்கத்தில் நிரப்பாமல் நின்றால், முகவரியைச் சரிபாருங்கள். போலித் தளமாக இருக்கலாம்.

‘எல்லாம் அந்த கம்பெனி கண்ணில் படுமே’ என்று பலர் பயப்படுகிறார்கள். பிட்வார்டன் போன்றவற்றில் உங்கள் போனிலேயே பூட்டப்பட்ட பிறகுதான் தகவல் வெளியே போகிறது, மாஸ்டர் பாஸ்வேர்டு அவர்களிடம் இருப்பதில்லை.